ஏழாவது பதிவில் சளி

"இது நான் இல்ல டீச்சர்."

தேசராணி இதைச் சொன்னபோது கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்று சொல்கிற தொனியில் சொல்லிவிட்டு, அடுத்த கண்ணியில் நூலை நுழைத்தாள்.

கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடையின்மேல் என் கைப்பேசி இருந்தது. அதிலிருந்து ஒரு பெண் குரல் இடைவெளி விட்டு விட்டுக் குடம், இலை, விறகு, புகை என்று சொல்லிக்கொண்டே போனது. பின்னால் ஏரிக்காற்றின் இரைச்சல். என் ஆராய்ச்சியின் ஏழாவது பதிவு அது.

"நல்லா கேளுங்க தேசராணி. உங்களுக்குச் சளி பிடிச்சிருந்தப்போ பேசினது."

"எனுக்கு எப்ப சளி புட்ச்சுது? இது நம்ம ரத்னா கொரலு." வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏ ரத்னா, இங்க வா. டீச்சர் போன்ல நீ பேசிக்கினு இருக்கற பாரு."

அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமைக்குள் நான் ஓர் ஆய்விதழுக்குப் பதில் அனுப்பியாக வேண்டும். அந்தப் பதிலில் என் வேலை இருந்தது.

ஒரு வாய், இரண்டு விதி

என் ஆராய்ச்சியைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை நைசாகத் தவிர்த்து வந்திருக்கிறேன். சொன்னால் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்ற பயம்தான். இன்றைக்கு வேறு வழியில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகத்தில் சில மொழிகளில் ஒரு சொல்லுக்குள் இருக்கும் உயிரொலிகள் ஒன்றையொன்று பார்த்து நடந்துகொள்ளும். துருக்கி மொழியில் வீட்டுக்கு 'எவ்', வீடுகளுக்கு 'எவ்லெர்'. குதிரைக்கு 'அத்', குதிரைகளுக்கு 'அத்லர்'. முன்னால் எ வந்தால் பின்னால் எ, முன்னால் அ வந்தால் பின்னால் அ. ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள் பக்கத்து இலையைப் பார்த்துச் சாப்பிடுகிற மாதிரி. இதற்கு உயிரொலி இசைவு என்று பெயர்.

நம்மிடமும் இந்த ஜாடை உண்டு. குடம் என்று எழுதுகிறோம், கொடம் என்று சொல்கிறோம். இலை எல ஆகிறது, விறகு வெறகு ஆகிறது. பின்னால் வரும் அகரம் முன்னால் நிற்கும் ஒலியைக் கீழே இழுத்துவிடுகிறது. தெலுங்கில் கதை வேறு. அங்கே 'கு' என்ற உருபு, முன்னால் இகரத்தைக் கண்டால் தானும் 'கி' ஆகிவிடும்.

பழவேற்காடு ஏரியின் வடக்கே போகப் போக இரண்டு மொழியும் ஒரே சந்தையில் மீன் வாங்குகின்றன. அங்கே பேசுகிறவர் வாயில் எந்த இசைவு ஜெயிக்கும்? இதுதான் என் கேள்வி. சோறு போடுகிற கேள்வியா என்று என் அண்ணன் கேட்டான். அவனோடு ஆறு மாதம் பேசவில்லை.

எனக்குக் கிடைத்த விடை என்னையே தூக்கிவாரிப் போட்டது. தேசராணி என்ற ஒரே பெண்ணிடம் எடுத்த பன்னிரண்டு பதிவுகள். ஏழில் அவள் கொடம், எல, வெறகு, நரிக்கு, புலிக்கு என்கிறாள். மீதி ஐந்தில் குடம், இலை, விறகு, நரிக்கி, புலிக்கி என்கிறாள். ஒரு பதிவில்கூட இரண்டும் கலக்கவில்லை. ஒரே தலைக்குள் இரண்டு விதிகள், மின்விசிறி சுவிட்ச் போல ஒன்றை அணைத்தால்தான் இன்னொன்று ஓடும். அப்படி இருக்க முடியாது என்றுதான் நான் படித்த வகுப்புகளில் எல்லாரும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

கட்டுரை ஏற்கப்பட்டது. நான் சொன்ன அந்தத் திங்கட்கிழமைக்கு அடுத்து வந்த வியாழக்கிழமை, நான் தற்காலிகமாக வேலை பார்த்த நிறுவனத்தில் ஒரு குழு கூடி என்னை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யவிருந்தது. கட்டுரை இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. இவ்வளவு வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் ஆய்விதழிலிருந்து ஒரு சின்ன மடல் வந்தது. பேச்சாளரின் வயது, பிறந்த ஊர், வீட்டு மொழி தேவை. அவர் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் தேவை. கூடவே ஒரு வரி: பன்னிரண்டு பதிவுகளும் ஒரே ஆளுடையவைதான் என்பதைத் தயவுசெய்து உறுதிப்படுத்தவும்.

என்ன கேள்வி இது என்று எரிச்சல்தான் வந்தது. எரிச்சலோடுதான் சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

நான் போகாத பன்னிரண்டு நாட்கள்

அந்தப் பதிவுகளை நான் எடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

முதல் தடவை மட்டும் நேரில் போய்த் தேசராணியைப் பார்த்துப் பேசினேன். முப்பது வயது, கணீர் என்ற குரல். இவள்தான் என்று முடிவு செய்தேன். அடுத்த வாரமே நிறுவனத்து மாடிப்படியில் சறுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டேன். மூன்று மாதம் மாவுக்கட்டு.

பழவேற்காட்டில் மும்தாஜ் என்று எனக்கு ஒரு சிநேகிதி. கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். வாரம் ஒரு நாள் மதியம் கடையை அவள் தம்பி பார்த்துக்கொள்வான், அவள் தேசராணி வீட்டுக்குப் போய் நான் அனுப்பிய படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்து அனுப்புவாள். ஒவ்வொரு தடவையும் என் கணக்கில் ஒரு பை மளிகை கொண்டுபோய்க் கொடுப்பாள். எண்ணெய், பருப்பு, சர்க்கரை, துணி சோப்பு.

"ஒரே ஆள்தான் வேணும் மும்தாஜ். ஊரே கூடி வந்து பேசினா எனக்குப் பிரயோஜனம் இல்ல" என்று தெளிவாகச் சொன்னேன்.

"சரிக்கா, சொல்லிடறேன்" என்றாள்.

பதிவு வந்ததும் என்ன செய்வேன் தெரியுமா? ஆரம்பத்தில் இருக்கும் சலாம், சௌக்கியம், காபி சாப்பிட்டீங்களா என்பதையெல்லாம் வெட்டி எறிவேன். மிச்சத்தைச் சொல் சொல்லாக நறுக்குவேன். சொல்லை உயிரொலி உயிரொலியாக நறுக்குவேன். அந்தத் துணுக்குகளைக் கணினி புள்ளிகளாக வரைந்துகொடுக்கும். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, அந்தப் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போவேன். ஒரு முழு வாக்கியத்தைக்கூட நான் காது கொடுத்துக் கேட்டதில்லை.

ஏழாவது பதிவில் மட்டும் குரல் கொஞ்சம் வித்தியாசமாகப் பட்டது. குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்: 'பேச்சாளருக்குச் சளி.' யாரிடமும் கேட்கவில்லை. நானே நோய் கண்டு, நானே எழுதிக்கொண்டேன்.

முறை வீட்டுடையது

ரத்னம்மா இறால் உரித்த கையோடு வெளியே வந்தாள். தேசராணியின் ஓர்ப்படி. கணவன்மார் அண்ணன் தம்பிகள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திரத்துக் கிராமத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், தேசராணியை விட இரண்டு மூன்று வயது இளையவள்.

கைப்பேசியில் தன் குரலைக் கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"நான்தான் டீச்சர். நல்லா சொன்னேனா? தப்பு கிப்பு இல்லயே?"

நான் பதிவை நிறுத்தினேன்.

"எனக்குத் தமிழு அக்கா மாதிரி வராது டீச்சர். எங்க நைனா வூட்டுல தெலுங்குதான். உங்க முன்னாடி மானம் போவக் கூடாதுனு பாப்பாவோட தமிழ் புஸ்தகத்த வெச்சு படிச்சுப் பழகிட்டுத்தான் ஒவ்வொரு தபாவும் ஒக்காருவேன். கொடம்னு சொல்லக் கூடாது, குடம்னு சொல்லணும்னு பாப்பாதான் சொல்லிக் குடுத்துச்சு."

அவள் மகள் இரண்டாம் வகுப்பு. மூளைக்குள் இருக்கும் சுவிட்ச் என்று நான் இருபத்தெட்டு பக்கம் எழுதியிருந்தது, இரண்டாம் வகுப்புப் பாடநூலும் எல்லைக்கு அப்பால் இருக்கும் ஒரு அப்பாவின் தெலுங்கும்தான்.

என் கோபம் தேசராணிமேல் பாய்ந்தது. "ஒரே ஆள் வேணும்னுதானே சொல்லி அனுப்பினேன்? ஏன் இப்படிப் பண்ணீங்க?"

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். எனக்குக் கோபம் எதற்கு என்றே அவளுக்குப் புரியவில்லை.

"பாடு மாதிரிதானே டீச்சர்" என்றாள்.

பாடு என்றால் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். பொன்னேரியில் பிறந்து வளர்ந்தவள் நான். பழவேற்காட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற திமிர் நிறையவே உண்டு. ஏரியில் மீன் பிடிக்க ஊர்க்காரர்கள் முறை வைத்துக்கொள்வது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. தேசராணி மிச்சத்தைச் சொன்னாள்.

"எறா வலை கட்ற எடம் கொஞ்சம்தானே. எல்லாரும் ஒரே நாள்ல எறங்க முடியாது. இன்னிக்கு இன்னார், நாளைக்கு இன்னார்னு முறை வெச்சிருக்காங்க. பேரு வூட்டுக்கு ஒண்ணு. எங்க வூட்டுல எங்க வூட்டுக்காரரு பேரு. அவுருக்கு ஒடம்பு முடியலனா கொழுந்தன் எறங்குவாரு, பேரு எங்க வூட்டுக்காரருதுதான் இருக்கும். முறை வூட்டுது டீச்சர். ஆளு யாரா இருந்தா இன்னா?"

முதல் மளிகைப் பை வந்த அன்றே தெருவில் பேச்சு எழுந்ததாம். பை வருகிறதென்றால் அது வேலைதான், வேலை என்றால் எல்லாருக்கும் முறை வேண்டும் என்று. டீச்சருக்கு ஒரே ஆள்தான் வேண்டுமாம் என்று மும்தாஜ் சொன்னதும், சரி, தேசராணி வீட்டுக்கே விட்டுவிடுவோம் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். வீடு ஒன்று, அதற்குள் அடுப்பு இரண்டு. பை இரண்டு அடுப்புக்கும் போக வேண்டுமே. அதனால் தேசராணி உட்காராத நாளில் ரத்னம்மா உட்கார்ந்தாள். இதில் மறைக்க அவர்களுக்கு ஒன்றும் இல்லை. அந்த ஊரில் யாருக்குமே இது விசேஷமாகப் படவில்லை.

என் முகம் எப்படி இருந்ததோ, தேசராணிக்குப் பயம் வந்துவிட்டது.

"தப்பாயிடுச்சா டீச்சர்? எங்க மேல எதனா வருமா?"

"உங்க மேல ஒண்ணும் வராது."

"நாங்க மறைக்கல டீச்சர். பேரு ஒருத்தருது, எறங்கறது வேற ஆளுனா, கரையில சொல்ட்டுத்தான் எறங்கணும். சொல்லாம எறங்கினா அந்த வூட்டு முறையவே எடுத்துருவாங்க. நாங்க சொல்ட்டுத்தான் ஒக்காந்தோம்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"மும்தாஜுகிட்ட. உங்களுக்கு அனுப்பற போன்லயும்தான் சொன்னோமே."

சம்மதப் படிவத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ரத்னம்மா ஒரு பாத்திரத்தில் உரித்த இறால் போட்டு மூடிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

எவனுக்குத் தெரியும்

நேரே மும்தாஜ் கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். ரெண்டு பேர் மாறி மாறி உட்கார்ந்தார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று.

மும்தாஜ் என்னைப் போலக் கத்துகிறவள் இல்லை. வந்தவருக்கு ஆதார் நகல் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

"ஒவ்வொரு தபாவும் சொல்லித்தான் அனுப்பினேன்க்கா. மொதல்லயே சொல்லியிருப்பேன், யாரு ஒக்காந்திருக்காங்கனு. நீங்க கேக்கலயா?"

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். திங்கட்கிழமையைப் பற்றியும் வியாழக்கிழமையைப் பற்றியும் சொன்னேன். அவள் எனக்காக நிஜமாகவே பதறினாள்.

"அக்கா, இத்தன நாளா உங்களுக்கே தெரியல. அவங்க எங்கயோ ஒரு நாட்டுல இருக்காங்க. எவனுக்குத் தெரியும்? ஆமா, ஒரே ஆளுதான்னு எழுதிட்டுப் போயிட்டே இருங்க. வேலைய விட்டுட்டு இன்னா பண்ணுவீங்க?"

இதே யோசனை பஸ் நிறுத்தத்திலிருந்து அவள் கடைக்கு நடந்து வரும்போதே எனக்கும் வந்துவிட்டது. மும்தாஜ் அதை வாய்விட்டுச் சொன்னாள். அவ்வளவுதான் வித்தியாசம். பொன்னேரி போய்ச் சேருவதற்குள் பஸ்ஸிலேயே பதில் தட்டிவிட்டேன்: 'ஆம். பன்னிரண்டு பதிவுகளும் ஒரே பேச்சாளருடையவை.' அனுப்பாமல் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இறாலை வறுத்தேன். ஒன்றிரண்டுக்கு மேல் சாப்பிடவில்லை. வெட்டாத பழைய பதிவுகள் கணினியில் அப்படியே இருந்தன. அதைத் திறக்கப் பயமாக இருந்தது. துணி துவைத்தேன், அலமாரியை ஒழித்தேன், அண்ணனுக்குப் போன் போட்டு ஒன்றுமில்லாததைப் பேசினேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை காபியோடு உட்கார்ந்து திறந்தேன்.

முதல் பதிவு. மும்தாஜின் குரல்: "தேசராணி வூடு, மொத தபா. தேசராணியே ஒக்காந்திருக்காங்க."

மூன்றாவது பதிவு. "தேசராணி வூடு. இன்னா ரத்னாக்கா, இன்னிக்கு நீங்களா?" "ஆமா, அக்கா பொன்னேரி போயிருக்குது."

ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒன்றில்கூட அவர்கள் சொல்லாமல் விடவில்லை. இரண்டு குரலும் அப்படி ஒன்றும் ஒரே மாதிரி இல்லை. தேசராணியினுடையது கணீர். ரத்னம்மாவுடையது கொஞ்சம் கரகர, சொல்லை முடிக்கும்போது ஒரு தயக்கம். தெருவில் போகிற யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒலியியலில் முனைவர் பட்டம் வாங்கியவளால்தான் முடியவில்லை.

ஏழாவது பதிவு. படங்களை அடுக்கும் சத்தம். பிறகு ரத்னம்மா கைப்பேசிக்குப் பக்கத்தில் வந்து பேசுகிறாள்.

"மும்தாஜு, இன்னிக்கு ரத்னா ஒக்காந்திருக்குதுனு நல்லா சத்தமா சொல்லு. டீச்சருக்குத் தெரியணும்ல. அப்பறம் அக்கா பேர்ல தப்பு வந்துரும்."

இதை நான் ஒரு நாள் வெட்டி எறிந்திருக்கிறேன். அடுத்த நிமிடமே 'பேச்சாளருக்குச் சளி' என்று எழுதியிருக்கிறேன்.

காபி ஆறிப்போயிருந்தது. எனக்கு அழுகை வந்தது. வேலைக்காக அழுதேனா, வெட்கத்துக்காக அழுதேனா என்று கேட்டால், வேலைக்காகத்தான். பொய் சொல்வானேன். பஸ்ஸில் தட்டி வைத்ததை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். பதிவுகள் இரண்டு பெண்களுடையவை. தவறு என்னுடையது, அவர்களுடையது அல்ல. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அனுப்பும் பொத்தானை அழுத்த மதியம் வரை ஆனது.

கரை ஏறிய பிறகு

ஆய்விதழ்க்காரர் மரியாதையாக இரண்டு வரி எழுதினார். குழுவும் மரியாதையாகத்தான் சொன்னது. என் நாற்காலிக்கு வேறொருவர் வந்தார். இப்போது பொன்னேரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இலக்கணம் எடுக்கிறேன். அந்த வேலை போனது இன்றும் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. வலிக்கவில்லை என்று எழுதினால் இந்தத் தொடரில் இதுவரை எழுதிய எதையும் நீங்கள் நம்ப வேண்டாம்.

வேலை போன விஷயத்தை அடுத்த மாதம் நேரில் போய்ச் சொன்னேன். தேசராணி தைப்பதை நிறுத்தினாள். வலைக்குள் விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அதெப்படி டீச்சர்? சொல்ட்டா முறை போவாதே."

"எறங்கும்போது நான் சொல்லலியே தேசராணி. கரை ஏறும்போதுதானே சொன்னேன்."

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது போலிருந்தது. தலையை ஆட்டினாள். ரத்னம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. புத்தகம் பார்த்துப் பேசியது தன் தப்பு என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். இல்லவே இல்லை என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இன்றுவரை அவள் நம்பவில்லை.

அந்த வீட்டில் இரண்டு அடுப்புக்கும் கைப்பேசி ஒன்றுதான். அதுவும் தேசராணி பெயரில்தான் என்னிடம் பதிவாகியிருக்கிறது. போன வாரம் கல்லூரியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அந்த எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

"டீச்சர், சௌக்கியமா? சனிக்கெழம வர்றீங்களா? நண்டு வெச்சிருக்கோம்."

யார் பேசுவது என்று சொல்லவில்லை. குரல் கம்மி, மூக்கடைத்து, பாதிச் சொல்லைக் காற்று கொண்டுபோயிருந்தது. இரண்டாம் முறை போட்டுக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

'வர்றேன் ரத்னா. முதல்ல கஷாயம் வெச்சுக் குடி' என்று பதில் அனுப்பினேன்.

இந்தத் தடவை அவளுக்கு நிஜமாகவே சளி.